டிலக்சியின் இரண்டாவது ஊசி

மன்னார்ப் பாலத்தடியில் எங்கள் பஸ்ஸை முதலில் நிறுத்தியது கடற்படை. அடுத்து நிறுத்தியவை கழுதைகள். கடற்படை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டது. கழுதைகள் விடவில்லை. ஏழெட்டு, நடுரோட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. எங்கள் மண்டபத்தில் இந்த வேலையை ஆடுகள் செய்கின்றன, ஆனால் அவற்றுக்கு ஹார்ன் என்றால் கொஞ்சமாவது பயம் உண்டு.

கடற்படைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கண்டக்டர் எனக்குச் சொன்னார்: "இடம் பாக்க வந்தனீங்களோ, ஆக்களைப் பாக்க வந்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஒரு பிள்ளையைப் பார்க்க" என்றேன்.

"சொந்தமோ?"

இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். பொய் சொல்லக்கூடாது என்ற நல்லெண்ணம் எதுவும் எனக்கில்லை, பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதற்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. அட்டையில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் என் கையெழுத்து. இரண்டாவது காலி.

அந்த அட்டைக்காகத்தான் இந்தப் பயணம். மண்டபத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியை எங்கள் பக்கம் காசுள்ளவர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு புண்ணியவான் மருந்து வாங்கிக் கொடுத்தார். அகதி முகாமைச் சேர்ந்த பன்னிரண்டு சிறுமிகளுக்குப் போட்டோம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது தவணை. பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது பிள்ளை டிலக்சியின் குடும்பம், சண்டை முடிந்த ஊருக்கே திரும்பிப் போகிறோம் என்று மன்னாருக்குக் கப்பலேறியிருந்தது.

"விடுங்க சிஸ்டர், பன்னெண்டுல பதினொண்ணு வந்ததே பெரிசு" என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். என்னால் விட முடியவில்லை. என் அக்கா இந்த நோயில்தான் போனாள், நாற்பத்தொரு வயதில். நான் நர்ஸாக இருந்தும், ஒரே வீட்டில் இருந்தும், கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எனக்கு நிம்மதியாகத் தூங்கும் பழக்கம் போய்விட்டது. இரவில் எழுந்து கேஸ் அடுப்பை மூடிவிட்டேனா என்று பார்ப்பவர்கள் இருப்பார்கள். நான் என் மேசை இழுப்பறையைத் திறந்து பன்னிரண்டாவது அட்டையைப் பார்ப்பேன். மண்டபம் கடற்கரையில் நின்றால் மன்னார் அதோ இருக்கிறது என்று கை நீட்டலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போகாமல் இருப்பது எனக்கு ஒரு குற்றம் போலவே பட்டது. ஒரு வார விடுமுறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளிமுனையில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். சொதி என்றால் தேங்காய்ப்பாலில் மஞ்சள் கரைத்த ரசம் என்று நினைத்தேன். அப்படியே சொல்லியும் விட்டேன். வீட்டுக்கார அம்மா பதிலுக்கு இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினார். நல்ல ருசி. ஆனால் பதற்றமாக இருந்தால் என்னால் சாப்பிட முடியாது. பாதியை வைத்துவிட்டு எழுந்தபோது, "சமையல் பிடிக்கேல்லப் போல" என்று அவர் உள்ளே யாரிடமோ சொல்வது கேட்டது. திரும்பிப் போய் மீதியையும் சாப்பிட்டேன்.

சுகாதாரப் பணிமனையில், டிலக்சியின் வீடு இருக்கும் தாழ்வுபாடு பகுதிக்கான மிட்வைஃப் யோகராணியிடம் அனுப்பினார்கள். பெருநிலத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பெண். தீவுக்கு வேலைக்கு வந்து நாலு வருடமாகியும் மீன் நாற்றம் பழகவில்லை என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இஞ்ச இந்த ஊசி பள்ளிக்கூடத்திலயே போடுறது, மிஸ். ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும். இந்தப் பிள்ளை வந்து ஏழாம் வகுப்பில சேர்ந்ததால லிஸ்டில இல்லை."

பள்ளிக்கூடத்திலேயே, எல்லோருக்கும், சும்மா. எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் ஒரு புண்ணியவான் வரும்வரை காத்திருந்தோம்.

யோகராணி போய் வைத்திய அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். தாமதமானாலும் பரவாயில்லை, அதே வகை மருந்துதான், வியாழக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வந்தால் போடலாம். நான் அட்டைக்குக் கை நீட்டினேன். ஆனால் யோகராணி அதை உடனே திருப்பித் தரவில்லை.

"பிள்ளை மூண்டு கிழமையாப் பள்ளிக்கூடம் வரேல்லையாம். ரெண்டு தரம் வீட்ட போனனான். வவுனியாவில சின்னம்மா வீட்ட நிக்கிறா எண்டு தாய் சொல்லுறா."

"நம்பினீங்களா?"

"நம்பாமல் என்ன செய்யிறது. வீட்டுக்குள்ள பூந்து தேட ஏலுமே? அந்தத் தாய் எங்களோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. முதல் ஊசியை உங்களை நம்பித்தானே போட்டவ. நீங்கள் வாங்கோ."

வெள்ளிக்கிழமை காலை எனக்குத் திரும்பும் பஸ். வியாழனைத் தவறவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே போய்விடும் என்ற பயம் அப்போது பிடித்துக்கொண்டது.

யோகராணியின் ஸ்கூட்டியில் போனோம். தாழ்வுபாட்டுக்குப் போகும் வழியில் காற்று குறுக்காக அடித்தது. தார் ரோட்டை விட்டு இறங்கியதும் ஸ்கூட்டி மணலில் சரிந்தது. நான் விழவில்லை, உட்கார்ந்தபடியே மணலுக்கு இடம் மாறினேன். சைக்கிளில் போன மீன்காரர் ஒருவர் இறங்கி வண்டியைத் தூக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டார். எங்கள் ஊராக இருந்தால் நாலு பேர் கூடி, யார் ஓட்டியது, ஏன் ஓட்டியது என்று விசாரித்துவிட்டுத்தான் தூக்குவார்கள்.

டிலக்சியின் தாய் ரெஜினாவின் வீடு பாதி கட்டியிருந்தது. மீள்குடியேற்றத்துக்குக் கொடுத்த வீடு. முன்னறைக்குச் சுவர் பூச்சு இல்லை, பின்னறைக்குக் கதவு மட்டும் புதிதாக இருந்தது. முற்றத்தில் பனையோலைப் பாயில் சீலா மீன் கருவாடு காய்ந்தது. ரெஜினா என்னைப் பார்த்ததும் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். முகாமில் பார்த்ததை விட மெலிந்திருந்தாள்.

"சிஸ்டர்? நீங்கள் எங்க இஞ்ச? இருங்கோ, கதிரை எடுத்துக்கொண்டு வாறன்."

தேநீர் வந்தது. பால் இல்லை, உள்ளே சர்க்கரையும் இல்லை. பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். எங்கள் கருப்பட்டிதான், ஆனால் நாங்கள் அதைக் காப்பிக்குள் போட்டுக் கரைத்துவிடுவோம். கணவர் கடலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். டிலக்சி எங்கே என்று கேட்டேன். யோகராணியிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னாள். வவுனியா, சின்னம்மா வீடு, எப்போது வருவாள் என்று தெரியாது.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. உளுந்து மாவையும் நல்லெண்ணெயையும் கருப்பட்டியையும் சேர்த்துக் கிண்டும்போது வரும் வாசனை. காலை பதினோரு மணிக்கு உளுத்தங்களி யார் கிண்டுவார்கள், எதற்குக் கிண்டுவார்கள் என்று மண்டபத்திலும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"டிலக்சி பெரிய மனுஷியாயிட்டாளா ரெஜினா? எத்தனை நாளாச்சு?"

வேலிக்கு அந்தப் பக்கம் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். ரெஜினாவின் முகம் இறுகிப்போனது. என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். அதில் இன்னும் பாதித் தேநீர் இருந்தது.

"எனக்கு வேலை கிடக்கு" என்றாள்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் யோகராணி பேசினார். "சொல்லாமல் மறைச்சு வைச்சிருக்கினம் மிஸ். தாய்மாமன் வந்து தண்ணி வார்க்கும்வரைக்கும் ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு. இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோம்." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடல் தாண்டி வந்து, இருந்த ஒரு நம்பிக்கையையும் ஒரே கேள்வியில் உடைத்துவிட்டேன். சாயங்காலம் கீரி கடற்கரைக்குப் போங்கோ, நல்ல வடிவான இடம் என்று வீட்டுக்கார அம்மா அனுப்பி வைத்தார். போனேன். மணலும் பனையும் கடலும் அவர் சொன்னபடியே இருந்தன. நான் அங்கே உட்கார்ந்து நாளைக்கு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

புதன்கிழமை தனியாகப் போனேன். ஓட்டோக்காரர் மணலில் இறங்க மாட்டேன் என்று ரோட்டிலேயே விட்டுவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ரெஜினா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் பாயின் மறுபக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என்னருகே இருந்தவற்றைத் திருப்பத் தொடங்கினேன். மன்னித்துக்கொள் என்றேன்.

பாதிப் பாயைத் திருப்பி முடித்தபோது அவளே தொடங்கினாள். "அண்டைக்கு என்ன சொல்லி ஊசி போட்டனீங்கள், நினைவிருக்கோ சிஸ்டர்? சத்து ஊசி மாதிரித்தான், பயப்படாதீங்க எண்டனீங்கள்."

நினைவிருந்தது. பன்னிரண்டு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். புற்றுநோய் என்றால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நான்தான் அப்படிச் சொன்னேன்.

"அந்தச் சத்து ஊசி போட்டு, பன்னிரண்டு வயசு முடிய முன்னம் பிள்ளை பெரியபிள்ளையாகிட்டாள். இஞ்ச சனம் என்ன சொல்லுது தெரியுமோ? அது பிள்ளைப்பேறை நிப்பாட்டிற ஊசியாம். எங்கட சனத்தைக் குறைக்கிறதுக்காம். எனக்குப் பயமாக் கிடக்கு. இன்னொண்டும் போட்டால் என்னாகுமோ தெரியாது."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. மறுநிமிடமே அது போய்விட்டது. இத்தனை பேரை இழந்த ஒரு கரையில், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பயப்படாமல் யார் இருப்பார்கள். உண்மையைச் சொல்லாத நான்தான் அந்தப் பேச்சுக்கு இடம் வைத்தேன்.

அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். இது சத்து ஊசி இல்லை, பெரியபிள்ளையாவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிள்ளைப்பேற்றை இது தொடாது. வேறெதைத் தடுக்கிறது என்றும் சொன்னேன். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னேன். வெளியாட்களிடம் நான் அக்காவைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று நிறுத்த முடியவில்லை.

ரெஜினாவின் கை மெதுவாகியது. "அந்த வருத்தம் வந்தால் முதல்ல என்ன காட்டும்?" என்று கேட்டாள். நோயை அங்கே வருத்தம் என்பார்கள்.

சொன்னேன். மாதவிலக்கு இல்லாத நாட்களில் இரத்தம் படும். வெள்ளை போகும், வாடை இருக்கும். இடுப்பு வலிக்கும்.

"அது வயசு போன ஆக்களுக்குத்தானே?"

"என் அக்காவுக்கு முப்பத்தொன்பதில் ஆரம்பித்தது."

"உங்கட அக்கா எப்ப சொன்னவ?"

"சொல்லவே இல்லை. அவளுக்கே வெட்கம். எழுந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள்."

ஒவ்வொரு கேள்விக்கும் நான் விரிவாகப் பதில் சொன்னேன். முகாமில் ஒரு தாய்கூட இப்படிக் கேட்டதில்லை. நல்லபடியாக விளக்கிவிட்டோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பின்னறைக் கதவுக்குள்ளிருந்து டிலக்சியின் குரல் கேட்டது. முகாமில் பிறந்த பிள்ளை. தாய் இந்தக் கரைப் பேச்சுக்குத் திரும்பிவிட்டாலும் அவள் இன்னும் எங்கள் ஊர்த் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் இந்தியாக்காரி என்று கேலி செய்வதாகப் பிறகு சொன்னாள்.

"அம்மா, எனக்கு அந்த ஊசி வேணும்மா."

"வாயை மூடு" என்றாள் ரெஜினா, சத்தம் போடாமல்.

ஊசி வேண்டும் என்று கேட்ட பிள்ளையை என் இருபத்தாறு வருட வேலையில் நான் பார்த்ததில்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது தண்ணீர் வார்க்கும் விஷயம். ரெஜினாவின் தம்பி இன்னும் மண்டபம் முகாமில் இருக்கிறான், அவனுடைய பயணப் பத்திரங்கள் வரவில்லை. மாமன் வந்து முதல் தண்ணீர் வார்க்காமல் பிள்ளை வாசல் தாண்டக்கூடாது, வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அவன் எப்போது வருவான் என்று அவளுக்கே தெரியாது.

"உனக்கு யார் வார்த்தது?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "சண்டை நேரம் மடுக் கோயிலடியில அகதியா இருந்தனாங்கள். மாமன் வன்னிக்குள்ள எங்கையோ. பக்கத்துக் கொட்டிலில ஒரு அக்கா இருந்தவ, அவதான் வார்த்தவ. ஒரு வாளித் தண்ணிதான் கிடைச்சது. அவவின்ர பேரும் எனக்கு மறந்துபோச்சு."

பார்த்தாயா, நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். செவ்வாய்க்கிழமை நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

"நாளைக்குப் பாப்பம்" என்றாள் ரெஜினா. பாப்பம் என்றால் வருகிறேன் என்றா, வரமாட்டேன் என்றா என்று பள்ளிமுனையில் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "அது சொல்லுற ஆளைப் பொறுத்தது" என்றார். அன்று கணவாய்க் கறி வைத்திருந்தார். ருசி தெரியவில்லை என்று சொன்னால் மறுபடி மனம் நோகும் என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை எட்டரைக்கே கிளினிக் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கைக்குழந்தைகளும் தாய்மாரும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒன்பதரை. பத்தரை. ஒவ்வொரு ஓட்டோ நிற்கும்போதும் எழுந்தேன். என் பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண், "ஆரையோ காத்துக்கொண்டு நிக்கிறா பாவம்" என்று தன் கணவரிடம் சொன்னாள். பதினொன்றரைக்கு யோகராணி வெளியே வந்து, பன்னிரண்டுக்கு ஐஸ் பெட்டியை மூடிவிடுவோம் என்றார். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்தேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஓட்டோ வந்தது. இரண்டு பக்கமும் சேலையைத் திரை போலக் கட்டியிருந்தார்கள். ரெஜினா முதலில் இறங்கினாள். பின்னால் டிலக்சி, தலை ஈரமாக, தாயின் குடைக்குள் குனிந்தபடி. காலையில் தாயே தண்ணீர் வார்த்திருக்கிறாள். சடங்கைத் தம்பி வந்த பிறகு செய்யலாமாம். ரெஜினா இதைச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, அன்று வந்திருந்த நர்ஸ் பெண்மணியே ஊசி போட்டார். டிலக்சி கண்ணை மூடவில்லை. யோகராணி இரண்டாவது கட்டத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சின்னக் கையெழுத்து. அதைப் பார்த்ததும் என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. வேலை முடிந்தது, இனி ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

டிலக்சி எழுந்தாள். அவள் எழுந்த நாற்காலியில் ரெஜினா உட்கார்ந்தாள்.

"மிஸ்" என்றாள் யோகராணியைப் பார்த்து. "முப்பத்தைஞ்சு வயசுப் பொம்பிளையளுக்கு ஒரு சோதினை இருக்கெண்டு போன மாசம் சொன்னனீங்கள்." யோகராணி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களிடம், "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில இருங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். டிலக்சி பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அம்மா சொல்லிட்டாங்களா சிஸ்டர்?"

"எதைம்மா?"

"நாலு மாசமா அம்மாவோட ரத்தத் துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

நேற்றுக் கருவாட்டுப் பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரெஜினா கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக எனக்குள் திரும்பி வந்தன. ஒரே வீட்டில் அக்காவோடு இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. இரண்டடி தூரத்தில் இருந்து, கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்லி, இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் போட்ட ஊசிய அம்மாவுக்கும் போட்டா சரியாயிடுமா சிஸ்டர்?"

"இல்லைம்மா. இது வர்றதுக்கு முன்னாடி போடுறது. அம்மாவுக்கு என்னன்னு இன்னும் தெரியாது. வேற ஒண்ணாவும் இருக்கலாம். அதுக்குத்தான் இப்ப பார்க்குறாங்க."

அவள் தலையாட்டினாள். பஞ்சை எடுத்துப் பார்த்தாள். இரத்தம் நின்றிருந்தது.

"அப்ப, வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஏன் யாரும் போடல?"

கதவு இன்னும் திறக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.